பூட்டிக் கிடக்கப் போகும் வண்டிக்கு எந்த டீசல் இன்ஜின்?

கானாடுகாத்தான் பேரன்:
முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணங்களுக்கும்தான் ஊருக்கு வருகிறோம். மற்ற நாளெல்லாம் வீட்டைப் போலவே வண்டியும் பூட்டிக் கிடக்கும். வந்தால் திருச்சி விமான நிலையம், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று ஓடும். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின் உள்ள பழைய ஸ்விஃப்ட் ஒன்றும், ஒரு டொயோட்டா குவாலிஸ் டீசலும் விலைக்கு வந்திருக்கின்றன. எதை வாங்கலாம்?

பள்ளத்தூர் ஸ்பேனர்:
குவாலிஸ்தான். 2446 சிசி, டர்போ கிடையாது, மெக்கானிக்கல் பம்பு. வழியில் நின்றால் எந்தப் பட்டறையிலும் கை வைப்பார்கள். 1.3 காமன் ரெயில், அதாவது கணினிக் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் வகை. இன்ஜெக்டர் கெட்டால் ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடி அலைய வேண்டும்.

செம்மண் சாலை:
அண்ணன் இருபது வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்கிறார். 2446 சிசி தருவது 75 குதிரைத்திறன். அதே 75ஐ 1.3 வெறும் 1248 சிசியில் தருகிறது. இழுவையும் 190 நியூட்டன் மீட்டர். 2005இல் தன் பிரிவில் சிறந்த இன்ஜினுக்கான சர்வதேச விருது வாங்கியது. மாருதி டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது, இரண்டும் இதே இன்ஜின்தான். இத்தனை வண்டிகளில் ஓடிய இன்ஜினுக்கா காரைக்குடியில் ஆள் கிடைக்காது?

பள்ளத்தூர் ஸ்பேனர்:
விருதை வைத்து வண்டி ஓட்ட முடியாது, தம்பி. நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தொடும்வரை அந்த 1.3 தூங்கும். தைப்பூசக் கூட்டத்தில் குன்றக்குடியில் ஊர்ந்து பாருங்கள், கிளட்ச்சை மிதித்தே கால் வலிக்கும். ஆச்சியோடு எட்டுப் பேரை எதில் ஏற்றுவீர்கள்?

தேவகோட்டை ரஸ்தா:
கேட்டவர் சொன்ன முக்கியமான விஷயத்தை இருவருமே விட்டுவிட்டீர்கள். வண்டி நிற்கப் போகிறது! 1.3இல் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. கிலோமீட்டர் ஏறவில்லையே என்று பழைய ஆயிலிலேயே வருடக்கணக்கில் விட்டால் செயின் தளரும். குவாலிஸில் செயினுக்குப் பதில் பெல்ட். அது ஓடாமலே வயதாகும் ரப்பர். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் ஆர்சி புதுப்பித்ததையும் பாருங்கள்.
என் கணக்கில் ஸ்விஃப்ட். ஆனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், முதல் ஸ்டார்ட்டைக் காதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். கரகரவென்ற சத்தம் சில நொடிகளில் அடங்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

செம்மண் சாலை:
ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். நம் ஊர்ப் புழுதிக்கு அது சிவந்தே இருக்கும்.

கானாடுகாத்தான் பேரன்:
நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறேன், அதுவரை சாவியைத் தொட வேண்டாம் என்று ஸ்விஃப்ட்காரரிடம் சொல்லிவிட்டேன்.

பள்ளத்தூர் ஸ்பேனர்:
வாங்கிவிடுவீர்கள், தெரிகிறது. நீங்கள் சென்னை போன பிறகு வாரம் ஒருமுறை கொஞ்சதூரம் ஓட்டி நிறுத்துவது யார்?

கானாடுகாத்தான் பேரன்:
வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்.

பள்ளத்தூர் ஸ்பேனர்:
அவருக்கு ஓட்டத் தெரியுமா?

கானாடுகாத்தான் பேரன்:
மாட்டு வண்டி ஓட்டுவார்.