மறு: டெவல்யூஷனுக்கு 'அதிகார ஒப்படை' சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். நம் கற்பனைத் தீவின் சாசனத்தில் தென்கரைப் பேரவை பற்றிய பகுதியை எழுதும் நண்பர் கேட்டிருந்தது இது:

> நடுவண் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுத் தென்கரைக்குத் தனிப் பேரவை அமைக்கிறது. நிலம், பள்ளி, துறைமுகம், குடிநீர் இவற்றில் பேரவையே சட்டம் இயற்றலாம். ஆனால் நடுவண் நாடாளுமன்றம் நினைத்தால் அந்த அமைப்புச் சட்டத்தையே நீக்கிவிடலாம். டெவல்யூஷன் என்கிற இந்த ஏற்பாட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இதுவரை வந்தவற்றில் 'அதிகாரப் பரவலாக்கம்', 'அதிகாரப் பகிர்வு' இரண்டுக்கும்தான் ஆதரவு அதிகம். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

பரவலாக்கம் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. தலைமைச் செயலகத்தில் கிடந்த ஒரு கோப்பை வட்டாட்சியரே முடித்துவைக்கலாம் என்று ஆணை போட்டால் அதுவும் பரவலாக்கம்தான். அதில் சட்டம் இயற்றுவது என்ற பேச்சே இல்லை.

பகிர்வு அப்படியல்ல, நல்ல சொல். அதனால்தான் அதைத் தவறான இடத்தில் வைக்க மனம் வரவில்லை. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்த பிறகு, அண்ணன் வந்து 'உன் பங்கைத் திருப்பிக் கொடு' என்று கேட்க முடியாது. பங்கு கைக்கு வந்தால் அது அவரவருடையது. இந்திய அரசமைப்பின் 246-ஆம் உறுப்பும் ஏழாம் அட்டவணையும் செய்வது ஏறக்குறைய இதுதான். மாநிலப் பட்டியலில் உள்ளதை மாநிலத்துக்குக் கொடுத்தது அரசமைப்பு. நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றைப் போட்டு அந்தப் பட்டியலை அழித்துவிட முடியாது. இதற்குப் பகிர்வு என்ற சொல் அச்சாகப் பொருந்துகிறது.

ஸ்காட்லாந்தின் கதை வேறு. 1998-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது, 1999-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கூடியது. அந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவிலேயே, ஸ்காட்லாந்துக்குச் சட்டம் இயற்றும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அதிகாரம் இதனால் பாதிக்கப்படாது என்று ஒரு வரி இருக்கிறது. கொடுத்த கையே பிடியையும் வைத்திருக்கிறது. வட அயர்லாந்து இன்னும் கடுமை. அங்கே 1921 முதல் நாடாளுமன்றம் இயங்கியது. 1972-இல் லண்டன் அதை நிறுத்திவைத்தது, 1973-இல் சட்டம் போட்டு ஒழித்தே விட்டது. ஐம்பது ஆண்டு ஓடிய அவை அது! பாகம் பிரித்த சொத்து இப்படிப் போகாது.

சரி, வேறு என்ன சொல்லலாம்? என் பரிந்துரை அதிகார ஒப்படை.

வருவாய்த் துறையில் 'நில ஒப்படை' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. அரசு தன் நிலத்தை நிலமற்ற ஒருவருக்கு ஒப்படை செய்கிறது. அவர் பெயருக்குப் பட்டா வருகிறது, உழுகிறார், விளைச்சலை அவரே எடுத்துக்கொள்கிறார். ஆனால் ஒப்படை ஆணையைப் படித்துப் பாருங்கள். இத்தனை ஆண்டுக்கு விற்கக் கூடாது, வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது, மீறினால் அரசு நிலத்தை மீளப் பெறும் என்று நிபந்தனைகள் இருக்கும். அனுபவிப்பது முழுமையாக, உரிமையின் வேர் மட்டும் கொடுத்தவரிடம். தென்கரைப் பேரவையின் நிலைமை இதேதான். நிபந்தனையை மீறாத பேரவையையும் நடுவண் கலைக்கலாம் என்பது ஒன்றுதான் வேறுபாடு. அந்த அளவுக்கு நம் பேரவையின் பிடிமானம் இன்னும் இளகியது.

ஒப்படை என்றால் டெலிகேஷன் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. டெலிகேஷனில் செய்பவர் இன்னொருவர் பெயரால் செய்கிறார். ஆட்சியர் அலுவலகக் கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே 'ஆட்சியருக்காக' என்று இருக்குமே, அதுதான் அடையாளம். அதைச் 'சார்பதிகாரம்' என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். தென்கரைப் பேரவை இயற்றும் சட்டம் பேரவையின் சொந்தப் பெயரில்தான் வருகிறது, எவருக்காகவும் அல்ல.

இன்னொன்று. நாணயம், பாதுகாப்பு, வெளியுறவு இவற்றை நடுவண் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அவற்றை வரைவில் 'ஒதுக்கிய அதிகாரங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒதுக்கீடு என்றால் நமக்கு இன்னாருக்கென்று கொடுப்பது என்றுதான் காதில் விழும். படிப்பவர் இவை தென்கரைக்கு ஒதுக்கியவை என்று நேர் எதிராகப் புரிந்துகொள்வார். 'தக்கவைத்த அதிகாரங்கள்' என்று மாற்றிவிடுங்கள்.

அன்புடன்.

---

> எங்களுக்கு இலங்கையில் ஒப்படை என்றால் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தரும் ஒப்படை. பிள்ளைகள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது. அதோடு, 1987-இல் 13-ஆவது திருத்தம் வந்து மாகாண சபைகள் அமைந்த காலத்திலிருந்து 'அதிகாரப் பகிர்வு' என்றுதான் பேசியும் எழுதியும் வருகிறோம். சனங்கள் கேட்டது பகிர்வைத்தான். பாராளுமன்றம் நினைத்தால் எடுத்துவிடலாம் என்கிற ஒன்றை அவர்கள் கேட்கவில்லை. இந்தச் சொல்லை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

அன்பின் ஐயா,

பள்ளி ஒப்படையை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. 'அதிகார' என்ற முன்னடை எப்போதும் கூடவே வந்தால் குழப்பம் இராது என்று நினைக்கிறேன். தனியாக 'ஒப்படை' என்று சுருக்கி எழுதுவதைத் தவிர்ப்போம்.

இரண்டாவதாக நீங்கள் சொன்னது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கேட்டது பகிர்வு என்றால் அந்தச் சொல் அப்படியே நிற்க வேண்டும், அதில் யாரும் கைவைக்கக் கூடாது. அதனாலேயே இரண்டு சொல் தேவைப்படுகிறது. பகிர்வு கேட்டவருக்கு ஒப்படை கிடைத்தால், அந்த வித்தியாசத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல மொழியில் வழி இருக்க வேண்டும். இரண்டுக்கும் பகிர்வு என்றே எழுதினால் கேட்டது கிடைத்துவிட்டது போலத் தோன்றிவிடும். புதுச்சேரிச் சட்டப்பேரவையையும் எண்ணிப் பாருங்கள். அது நாடாளுமன்றம் 1963-இல் இயற்றிய சட்டத்தால் அமைந்தது. அதையும் தமிழ்நாட்டுப் பேரவையையும் ஒரே சொல்லில் அடக்கினால் வேறுபாடு மறைந்துவிடும்.

சாசனத்தின் முதல் பத்தியில் போட்டுப் பார்த்தேன்:

"தென்கரை மக்கள் கோரியது அதிகாரப் பகிர்வு. நடுவண் நாடாளுமன்றம் இயற்றியது அதிகார ஒப்படைச் சட்டம். அதன்படி அமைந்த பேரவை நிலம், பள்ளி, துறைமுகம், குடிநீர் ஆகியவற்றில் தன் பெயரில் சட்டம் இயற்றும். தக்கவைத்த அதிகாரங்களில் தலையிடாது."

வாய்விட்டுப் படித்தபோது எனக்குத் தட்டவில்லை. உங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள் ஐயா.