ஹெய் சா சுவைத்த அனுபவங்கள்: பூஅர், லியூபாவ், ஃபூ கட்டி

ஹெய் சா என்பது சீனாவில் நொதிக்க வைத்துச் செய்யும் கருந்தேயிலை. பூஅர், லியூபாவ், ஃபூ கட்டி மூன்றும் அதன் வகைகள். இதில் பழுத்த பூஅரை முதல் தடவை குடிப்பவர்கள் மீன் வாடை அடிக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். தேயிலை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சீனாவின் யுன்னானில் 1973 வாக்கில் உருவான முறைப்படி இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, துணி போர்த்தி, வாரக்கணக்கில் நொதிக்க விடுகிறார்கள். அந்தக் குவியலின் வாடைதான் அது. வட்டை, அதாவது வட்டமாக அழுத்திய தேயிலைக் கட்டியை, உதிர்த்து மண் ஜாடியில் ஒன்றிரண்டு மாதம் போட்டு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியும் புளிப்பும் தொண்டை அரிப்பும் நின்றால் நொதிப்பிலேயே கோளாறு. அதற்குமேல் காத்திருந்து பயனில்லை.

உதிர்ப்பதிலும் கவனம் வேண்டும். 357 கிராம் வட்டின் நடுவில் குத்தாதீர்கள். விளிம்பில் ஊசியைச் செருகி, அடுக்கோடு அடுக்காக நெம்பினால் இலை முழுசாக வரும். தூளானால் முதல் வடிப்பிலேயே கசப்பெல்லாம் இறங்கிவிடும்.

*

மேலே சொன்னதோடு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 மில்லி கைவானுக்கு, அதாவது மூடி போட்ட கிண்ணத்துக்கு, 6 முதல் 7 கிராம். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். முதலில் ஊற்றியதை ஐந்து நொடியில் கொட்டிவிடுங்கள். தூசி போவது ஒரு பக்கம், கட்டியும் இளகும். அடுத்து 10 நொடி, 10, 15, 20 என்று போனால் பத்து வடிப்பு தாராளமாக வரும். துவர்க்கிறதென்றால் நேரத்தைக் குறையுங்கள், சூட்டைக் குறைக்காதீர்கள். ஆறின நீரில் பழுத்த பூஅர் சப்பென்று ஆகிவிடும்.

நல்ல பூஅர் அடர் சிவப்பாக இருந்தாலும் கலங்காது. கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் மாதுளைச் சாற்றின் சிவப்பு தெரியும். மூன்றாவது வடிப்பை விழுங்கிய பிறகு தொண்டையைக் கவனியுங்கள். வறண்டு இழுத்தால் சரக்கு சுமார்தான்.

*

பூஅரையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? தென்சீனாவில் குவாங்சியின் வூசோ பக்கத்து லியூபாவ் இதைவிட மென்மை. மூங்கில் கூடையில் அமுக்கி முதிர வைப்பார்கள். மலேசியாவின் பேராக் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் குடித்தது இதைத்தான். சுரங்கங்கள் மூடியபின் மலேசியக் கிடங்குகளில் தங்கிய பழைய சரக்குக்கு இன்று ஏக கிராக்கி.

தேட வேண்டியது பாக்கு மணம். கொட்டைப்பாக்கை வெட்டியதும் வருமே, அந்த உலர்ந்த, லேசான இனிப்பு வாடை. எல்லா லியூபாவிலும் வராது. ஈரக் கிடங்கில் கிடந்ததென்றால் முதல் இரண்டு வடிப்பில் மண் வாடை தூக்கலாக இருக்கும், மூன்றாவதில் விலகணும். ஐந்தாவதிலும் பழைய கோணிச் சாக்கு வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள்.

*

ஃபூ கட்டியை உடைத்ததும் மஞ்சள் புள்ளிகளைப் பார்த்துப் பூசணம் என்று எறிந்துவிடுகிறார்கள். அவை ‘தங்கப் பூ’, யூரோஷியம் கிரிஸ்டேட்டம் என்ற பூஞ்சை. அது வளரட்டும் என்றுதான் கட்டியைச் சற்றுத் தளர்வாக அழுத்தி, 28 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைக்கிறார்கள். முன்பு ஷான்சியின் ஜிங்யாங்கில்தான் இது வரும் என்று நம்பினார்கள். 1953-ல் ஹுனானின் அன்ஹுவாவிலும் வர வைத்துவிட்டார்கள்.

அடையாளம் எளிது. தங்கப் பூ கட்டியின் உள்ளே, கடுகைவிடச் சின்ன மணிமணியாக இருக்கும். மேற்பரப்பில் வெள்ளை, பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி படர்ந்தது பூசணமேதான். கழுவிக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஃபூவுக்குக் கைவான் தேவையில்லை. 5 கிராம், அரை லிட்டர் தண்ணீர், இரண்டு மூன்று நிமிடம் சிறு தீயில் கொதித்தால் போதும். மங்கோலியர்கள் இம்மாதிரிக் கட்டித் தேயிலையைப் பாலும் உப்பும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள், அதுவும் பொருந்தும்.

*

ஒன்று விட்டுப்போச்சு. மலிவான கட்டித் தேயிலையில் முற்றிய இலையும் காம்பும் அதிகம், அவற்றில் ஃப்ளோரைடு சேர்ந்திருக்கும். திபெத்தில் நாள் முழுக்க இதைக் குடிப்பவர்களுக்குப் பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவது தெரிந்த விஷயம். சீனத் தர வரம்பே கிலோவுக்கு 300 மில்லிகிராம். எப்போதாவது குடிப்பவருக்குப் பயமில்லை. தினமும் காய்ச்சுவதென்றால் இளம் இலைத் தரமாகப் பார்த்து வாங்குங்கள்.