குரல்வளை குணமான பிறகு நுரையீரல்: ஆண்களுக்கு வரும் இரண்டாவது புற்றுநோய், நம்மவர் அனுபவங்கள்

கோத்தகிரி, தேயிலை விவசாயி:
என் அப்பாவுக்கு வந்த குரல்வளைப் புற்றுநோய் கதிர்வீச்சில் குணமாயிற்று. ஐந்து ஆண்டுகள் தாண்டியதும் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோனது. பிறகு நெஞ்சுப் படத்தில் ஒரு கட்டி தெரிந்தது. பழைய நோய்தான் பரவிவிட்டது, இனிக் கோயம்புத்தூருக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்று எங்கள் ஹட்டியில் (ஊரில்) பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, அம்மா கேட்கவில்லை.

திசுப் பரிசோதனையில் உண்மை தெரிந்தது. குரல்வளையில் இருந்தது, மேற்பரப்புச் செல்களில் தோன்றும் செதிள் செல் வகை. நுரையீரலில் இருந்தது அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தோன்றும் வேறு வகை. பரவியதல்ல, அங்கேயே புதிதாகத் தோன்றியது. பரவிய நோய் என்றால் அறுவைக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. தனி நோய், அதுவும் சிறிய கட்டி என்பதால் அறுத்தெடுக்க முடிந்தது. தயவுசெய்து, திசுப் பரிசோதனை முடிவு கைக்கு வருமுன் யாரும் நம்பிக்கையைக் கைவிடாதீர்கள்.

அப்பாவுக்குக் குளிருக்கு இதமென்று இளவயது முதலே பீடி. அந்தப் புகை குரல்வளையோடு நிற்பதில்லை. வாய், உணவுக்குழாய், நுரையீரல், சிறுநீர்ப்பை வரை கெடுக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்க ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட பெரிய ஆய்விலும், பொதுமக்களோடு ஒப்பிடும்போது இரண்டாவது புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடியிருந்த ஆண்கள், குரல்வளைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள்தான்.

கூடலூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நான் புகைத்ததே இல்லை. இளமையில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய் வந்து, மார்பில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சில வேளை சிகிச்சையே பின்னாளில் இன்னொரு புற்றுநோய்க்குக் காரணமாகலாம். சில புற்றுநோய் மருந்துகளால் வரும் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் முதல் பத்து ஆண்டுகளுக்குள் வரும்; கதிர்வீச்சால் வரும் கட்டிகள் பெரும்பாலும் அதற்குப் பிறகே தலைகாட்டும். அதற்காகச் சிகிச்சையைக் குறை சொல்ல மாட்டேன், அதனால்தான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் தாள்களைத் தொலைக்காதீர்கள்: எந்த மருந்து, எவ்வளவு கதிர்வீச்சு, உடலில் எந்தப் பகுதி. சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் பழைய கோப்பு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். என் பெட்டியிலிருந்த டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்துத்தான் இப்போதைய மருத்துவர் என் தைராய்டையும் நுரையீரலையும் கவனித்து வருகிறார்.

குன்னூர், இல்லத்தரசி:
என் கணவருக்குக் கன்னத்தின் உட்புறம் புற்றுநோய் வந்து அறுவை நடந்தது. எஸ்டேட் வேலைக்குத் திரும்பியதும் மறுபடியும் புகையிலை. "வர வேண்டியது வந்து போய்விட்டது, இனி என்ன?" என்கிறார். மறு கன்னத்தில் இப்போது வெள்ளையாக ஒரு படலம். ஒரு நாள் கூலி போய்விடும் என்று மலையிறங்க மறுக்கிறார். என்ன செய்வது?

கோத்தகிரி, தேயிலை விவசாயி:
அக்கா, அதைத் தள்ளிப்போடவே கூடாது. முதலில் மலையிறங்க வேண்டாம். ஊரிலேயே பல் மருத்துவரிடம் காட்டுங்கள், பழைய அறுவையைப் பற்றியும் சொல்லுங்கள். புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கு 1800-112-356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். இப்போது விட்டாலும் பயன் உண்டு. அப்பாவும் இரண்டாவது அறுவைக்கு முன்புதான் பீடியை விட்டார். அண்ணன் ஒப்புக்கொண்டால் அப்பாவே அவரிடம் போனில் பேசுவார். குரல் கரகரவென்றிருக்கும், ஆனால் நன்றாகப் புரியும்.