உப்புக்காத்துல தினமும் பயன்படுத்த மடக்குக் கத்தி: டி2-வா, 14சி28என்-ஆ, எஸ்30வி-யா?

முத்துநகர்வாசி

வணக்கம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல மீன் ஏலம் எடுத்து, பெட்டி கட்டி லாரி ஏத்துற வேலை. பாக்கெட்டுல எப்பவும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். நைலான் கயிறு, பெட்டி சுத்துற பிளாஸ்டிக் பட்டை, தெர்மோகோல், நடுவுல ஒரு மாங்காய். தினமும் இதான் அதுக்கு வேலை.

இப்ப கையில இருக்கிறது டி2-ங்கிற எஃகுல பண்ணினது. கூர் நல்லா நிக்குது, அதுல குறையே இல்ல. ஆனா வாய் ஓரமா, அதாவது வெட்டுற விளிம்புல, மிளகுப்பொடி தூவின மாதிரி கரும்புள்ளி விழுது. துடைச்சு எண்ணெய் போட்டாலும் திரும்ப வந்துடுது. ‘பாதி ஸ்டெயின்லெஸ்’னு எல்லாரும் சொல்றாங்க, மீதிப் பாதி என்னன்னு யாரும் சொல்லல.

அடுத்ததா 8சிஆர்13எம்ஓவி, 14சி28என், எஸ்30வி, இந்த மூணு எஃகுல ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். தீட்டுறதுக்கு வீட்டுல இருக்கிறது கடையில விக்கிற சாதாரண ரெண்டு பக்கக் கல்லுதான். எதை எடுக்கட்டும்?

கொங்குப்பட்டறை

தம்பி, நான் கோயமுத்தூர்ல ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில, அதாவது எஃகைச் சூடாக்கிப் பதம் வைக்கிற இடத்துல இருக்கேனுங்க. டி2 எங்களுக்குத் தினமும் வர்ற சரக்கு. தகடு வெட்டுற பஞ்ச், டை எல்லாம் அதுலதான் பண்ணுவாங்க. கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம் வாக்குல இருக்கும். இவ்வளவு குரோமியம் இருந்தும் ஏன் துரு பிடிக்குதுன்னா, அந்தக் கார்பன் குரோமியத்தை இழுத்துப் பிடிச்சு கார்பைடுங்கற கடினமான பொடி மணியா ஆக்கிடுது. கூர் நிக்கிறதே அந்தக் கார்பைடு மணிகளாலதான். ஆனா துருவைத் தடுக்கிறது இரும்போட கரைஞ்சு நிக்கிற குரோமியம் மட்டும்தான். டி2-ல அது ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். நீங்க கேட்ட மீதிப் பாதி அங்கதான் போச்சு. கடல் பக்கம் இல்லாத ஊர்ல பிழைச்சுக்கும், துறைமுகத்து உப்புக்கு நிக்காது.

14சி28என் ஸ்வீடன் எஃகு. சாண்ட்விக் பண்ணுனது, இப்ப கம்பெனி பேரு அலீமா. கார்பன் 0.62 தான், குரோமியம் 14, கூட 0.11 சதவீதம் நைட்ரஜன். கார்பன் குறைவுங்கறதால குரோமியம் பெரும்பாலும் கரைஞ்சே நிக்குது. கார்பனைக் குறைச்சதுல போற கடினத்தை நைட்ரஜன் ஈடுகட்டுது, துருவையும் தடுக்குது. மணி பொடிசா இருக்கறதால வாய் மெல்லிசா எடுத்தாலும் உடைஞ்சு உதிராது.

எஸ்30வி நல்ல எஃகுதான், நான் மறுக்கல. 4 சதவீதம் வெனேடியம் இருக்கு. வெனேடியம் கார்பைடு நீங்க வச்சிருக்கிற அலுமினியம் ஆக்சைடு கல்லை விடக் கடினம். அந்தக் கல்லுல தேய்ச்சா மணியைச் சுத்தி இருக்கிற இரும்புதான் தேயும், மணி அப்படியே நிக்கும். வாய் கூராக ரொம்பப் பாடுபடணும். அதுக்கு வைரத்தூள் பதிச்ச தீட்டுற தகடு இருந்தா நல்லது.

8சிஆர்13எம்ஓவி மோசமில்ல, கல்லுல சீக்கிரம் ஏறும், சீக்கிரமே போகவும் செய்யும். உங்க வேலைக்கு 14சி28என் தான். எஃகு பேரைப் பார்க்கற அளவுக்கு வாயோட கனத்தையும் பாருங்க. பதம் சரியா வைக்காத ஒசத்தி எஃகை விட, பதமா வச்ச சாதா எஃகு நல்லா உழைக்கும். விக்டோரினாக்ஸ்ங்கற சுவிஸ் கத்தியோட அலகு, எஃகுக் கடினத்தை அளக்கற எச்ஆர்சி கணக்குல 56 தான், அது உலகம் பூரா ஓடலையா?

குன்னூர்க்குளிர்

நான் வச்சிருக்கிறது ஓபினெல் 8-ஆம் நம்பர், கார்பன் அலகு. பிரான்ஸ் சவோய் மலையில 1890-ல ஆரம்பிச்ச கத்தி. அலகு 2 மில்லிமீட்டர் கூட இருக்காது, அதனால கேரட்டைப் பிளக்காம வெட்டும். வாய் மழுங்கினா, பீங்கான் கப்போட அடிப்பக்கச் சொரசொரப்புல நாலு இழுப்பு இழுத்தா திரும்ப வாய் வந்துடும். மாங்காய், எலுமிச்சை பட்டுப் பட்டு அலகு கருநீலமா ஆயிடுச்சு, அதுக்கப்புறம் செந்துரு வர்றது குறைவு. ஆனா வாழைக்காய் வெட்டினா காயும் கறுக்கும், கத்தியும் கறுக்கும், வீட்டு அரிவாள்மணையில நடக்கிற அதே கதை.

துறைமுகத்துக்கு மட்டும் இது வேண்டாங்க. இதே கத்தி 12சி27 ஸ்டெயின்லெஸ்லயும் வருது, ஆனா மரப்பிடி ஈரத்துல ஊதி அலகு வெளியவே வராது. இங்க மழைக்காலத்துல நான் படறேன். உங்களுக்குப் பிளாஸ்டிக் பிடி பார்த்து எடுங்க.

அடையாற்றங்கரை

கொங்கு அண்ணே சொல்றதுல எனக்கு ஒரு மறுப்பு. வைரத் தகட்டை ஒரு தடவை வாங்கிட்டா வருஷக்கணக்கா வரும். அதை வாங்கறதா இருந்தா எஸ்30வி கூட எதுக்கு, மேக்னாகட் எடுக்கலாமே? 2021-ல வந்தது, லாரின் தாமஸ்ங்கற உலோக ஆராய்ச்சியாளர் வடிவமைச்ச எஃகு. குரோமியம் 11-க்கும் குறைவுதான், ஆனா குரோமியம் கார்பைடே உருவாகாத மாதிரி கலவை. குரோமியம் முழுசும் கரைஞ்சு துருவுக்கு எதிரா நிக்குது. கூரும் நிக்கும், உப்பும் அண்டாது.

கொங்குப்பட்டறை

நியாயம்தானுங்க, இந்தத் திரியில சொன்னதுலயே ஒசத்தி அதுதான். ஆனா தம்பி கத்தியை வச்சு பெட்டி கட்டறாரு. கை நழுவி கடல்ல விழுந்தா மனசு தாங்கற விலையில இருக்கணும்னு நான் பார்க்கறேன்.

முத்துநகர்வாசி

போன மாசம்தான் கூட வேலை பார்க்கிற அண்ணனோடது ஐஸ் பெட்டியோட போயிடுச்சு. 14சி28என், நைலான் பிடி, முடிவு பண்ணிட்டேன். இன்னொரு சந்தேகம்: கல்லோட நைஸ் பக்கத்துல நல்லாத் தீட்டி, பேப்பர் சத்தமில்லாம வெட்டுது. அதே கத்தி நைலான் கயித்துல வழுக்குதே, ஏன்?

கொங்குப்பட்டறை

வாய் ரொம்ப வழவழப்பாயிடுச்சுங்க. கயித்துக்குக் கண்ணுக்குத் தெரியாத பல்லு வேணும். சொரசொரப்புப் பக்கத்தோட நிறுத்திக்கோங்க. ஒரு பக்கம் தேய்ச்சதும் மறுபக்கம் கட்டைவிரலை வாய்க்குக் குறுக்கே, முதுகுப் பக்கத்துல இருந்து வெளிய மெதுவா இழுத்துப் பாருங்க. நகத்துல மாட்டற மாதிரி பிசிறு தட்டும். அடிமுதல் நுனிவரை தட்டினாத்தான் அந்தப் பக்கம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்புறம் மறுபக்கம். கடைசியா பிசிறு போறதுக்கு மட்டும் நைஸ் பக்கத்துல அழுத்தமே இல்லாம ரெண்டு மூணு இழுப்பு.

அப்புறம் எந்த எஃகா இருந்தாலும் சாயங்காலம் நல்ல தண்ணியில அலசுங்க, முக்கியமா ஆணி இருக்கிற மூட்டு. உப்பு அங்கதான் தங்கும், அலகை விட உள்ள இருக்கிற ஸ்பிரிங் முதல்ல போகும். காய்ஞ்சதும் மூட்டுல ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். டி2-வைத் தூக்கிப் போடாதீங்க, வீட்டுல அட்டைப்பெட்டி கிழிக்க அதை மிஞ்ச ஆளில்ல.