வேன்களில் வந்து சாலையோரம் சமைப்பவர்களுக்கு ஊட்டி இ-பாஸ் தரக் கூடாது

லவ்டேல்வாசி:
ஞாயிற்றுக்கிழமை குன்னூரிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். எல்லநள்ளி தாண்டி ஒரு வளைவில் வேன் நிற்கிறது. பக்கத்தில் அடுப்பு, அண்டா, கொதிக்கும் சாம்பார். வடித்த கஞ்சியை நேராக ஓடையில் ஊற்றுகிறார்கள். கேட்டால், "சாப்பிட்டதும் கிளம்பிவிடுவோம்" என்று பதில். மறுநாள் காலை அதே இடத்தில் ஒரு காட்டெருமை சோறு ஒட்டிய பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டிருந்தது. சீசனில் நீலகிரிக்குள் ஒரு நாளைக்கு 20,011 வண்டிகள் நுழைகின்றன என்று 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசே கணக்குக் கொடுத்தது. அதனால்தான் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே பதிவுசெய்து வாங்க வேண்டிய இ-பாஸ் வந்தது. 2025இல் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. அந்த 6,000இல் இந்த வேன்களுக்கு ஒரு பாஸ்கூடத் தரக் கூடாது. இரண்டு நாள் அறை எடுத்துத் தங்க முடிந்தவர்கள் வரட்டும். முடியாதவர்கள் வேறு ஊர் பார்க்கட்டும்.

பவானி ஜமக்காளம்:
20,011 என்று எழுதினீர்கள், நல்லது. அந்தக் கணக்கின் அடுத்த வரியை ஏன் எழுதவில்லை? கார் 11,509. இரு சக்கர வாகனம் 6,524. பஸ் 637. வேன் 1,341. நூறு வண்டியில் ஏழு வேன்கூட இல்லை. காரை விட்டுவிட்டு வேனைத் தடுக்கச் சொல்கிறீர்கள் என்றால் உங்கள் கோபம் நெரிசல்மேல் இல்லை, எங்கள்மேல்.
எங்கள் தெருவில் 22 பேர் மாதம் 200 ரூபாய் சீட்டுக் கட்டி வருடத்துக்கு ஒருமுறை மலையேறுகிறோம். பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். ஒரு நாளைக்குத் தறியை நிறுத்தினால் ஒரு நாள் கூலி போயிற்று. இரண்டு நாள் அறை எடுக்க எங்கே போவோம்?

குன்னூர் தேயிலை:
லவ்டேல்வாசி சொல்வது மிகையில்லை. சாலையோரம் சமைத்துவிட்டுப் போன இடத்தை ஒருமுறை வந்து பாருங்கள். முட்டை ஓடு, தேங்காய் மூடி, பால் கவர், குழந்தையின் அணையாடை. குரங்குக்கு அந்த ருசி பழகிவிட்டது, இப்போது எங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறது. எல்லாரும் ஏழை என்று சொன்னால் குப்பை மறைந்துவிடாது.

பவானி ஜமக்காளம்:
அக்கா, குப்பை போடுகிறவனைப் பிடித்து அபராதம் போடுங்கள். நானே சாட்சி சொல்ல வருகிறேன். நாங்கள் கொண்டுபோன வாழை இலையைச் சாக்கில் கட்டித் திரும்பப் பவானிக்கே கொண்டுவருகிறோம். ஆனால் 1,341 வேன்தான் மலையைக் கெடுக்கிறது என்று யாரும் சொல்லாதீர்கள். 11,509 கார் எங்கே போயிற்று? காரில் வருபவர் பிஸ்கட் கவரை ஜன்னல் வழியாகப் போட்டால் அது காட்டெருமை வயிற்றில் செரித்துவிடுமா?

லவ்டேல்வாசி:
கணக்கு என்றால் கணக்கே பேசுவோம். ஒரு வேனில் 20 பேர் என்று வையுங்கள், 26,820 பேர். 637 பஸ்ஸில் 50 பேர் வீதம் 31,850 பேர். கூட்டினால் 58,670. காருக்கு 4 பேர் என்றால் 46,036தான். ஆக, கும்பலாக வருபவர்கள்தான் அதிகம். வண்டியை எண்ணி ஏமாற்ற வேண்டாம், தலையை எண்ணுங்கள்.

பவானி ஜமக்காளம்:
பஸ்ஸை எப்போது வேனோடு சேர்த்தீர்கள்? நீங்கள் தொடங்கியதே வேனை வைத்து. 1,341 என்ற எண் தொண்டையில் சிக்கியதும் பஸ்ஸைத் துணைக்குக் கூப்பிடுகிறீர்கள். பஸ்ஸில் வருபவன் எந்த வளைவில் இறங்கி அண்டா வைத்தான்?
தலையை எண்ணினாலும் நீங்கள்தான் தோற்கிறீர்கள். 20 பேர் ஒரு வேனில் வந்தால் சாலையில் ஒரு வண்டி. அதே 20 பேர் காரில் வந்தால் ஐந்து வண்டி, நிறுத்த ஐந்து இடம், ஐந்து எஞ்சின் புகை. பர்லியாரிலிருந்து குன்னூர்வரை வரிசையில் நிற்கும்போது என் முன்னால் வேனா நிற்கிறது? கார், கார், கார். அதில் பாதிக்கு மேல் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள்.

சேரிங்கிராஸ் டாக்சி:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், என் பிழைப்பு என்ன ஆவது? சொந்தக் காரில் வருபவர் தொட்டபெட்டா, பைக்காரா எல்லாம் அவரே ஓட்டிப் போகிறார். வேனில் வருபவரும் என் வண்டியில் ஏறுவதில்லை. இ-பாஸ் வந்தபின் இரண்டுமே குறைந்தது. கடன் தவணை மட்டும் குறையவில்லை. 2025 ஏப்ரல் 2 அன்று மாவட்டம் முழுவதும் ஏன் கடையடைத்தோம்? இந்த வரம்பை எடுக்கச் சொல்லித்தான். வண்டிகளை மேட்டுப்பாளையத்திலேயே நிறுத்திவிட்டு உள்ளூர் வண்டியில் மேலே வாருங்கள் என்று சட்டம் போடட்டும், ஏற்றுக்கொள்கிறேன்.

மண்டிக்காரன்:
மேட்டுப்பாளையத்தில் எங்கே நிறுத்துவீர்கள்? ஏற்கெனவே சீசனில் எங்கள் காய்கறி லாரி மண்டிக்குள் நுழைய இரண்டு மணி நேரம் ஆகிறது. மேலேயிருந்து வரும் கேரட்டும் பீட்ரூட்டும் வெயிலில் வாடுகின்றன. உங்கள் நெரிசலை எங்கள் ஊருக்கு இறக்கிவிடுவதுதான் தீர்வா?

சேரிங்கிராஸ் டாக்சி:
மண்டிக்காரரே, போன வருடமும் மலை ரயில் பேச்சு வந்தபோது இதே மாதிரிதான் குறுக்கே விழுந்தீர்கள். "பொம்மை ரயிலுக்கு எதற்கு இத்தனை செலவு" என்று எழுதியவர்தானே நீங்கள்?

மண்டிக்காரன்:
ஆமாம், எழுதினேன். தினமும் எத்தனை பேரை அது ஏற்றுகிறது?

ஒத்தக்கல்மந்து:
பொம்மை ரயில் என்று எழுதுபவரோடு பேசக்கூட எனக்கு மனம் வரவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற ரயில். 1899இல் குன்னூர் வந்தது, 1908இல் உதகை வந்தது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. என் தாத்தா அந்தப் பாதையில் கேங்மேன், தண்டவாளத்தைப் பராமரித்தவர். மழையில் மண் சரிந்த இரவுகளில் விளக்கோடு நடந்தவர். அவர் நடந்த பாதையைப் பொம்மை என்பீர்களா?
அப்புறம், எங்கள் ஊரை ஊட்டி என்று சுருக்குவதையும் நிறுத்துங்கள். உதகமண்டலம். அதற்கும் முன்பு ஒத்தக்கல் மந்து. மந்து என்பது தோடர் குடியிருப்பு.

குன்னூர் தேயிலை:
பெயரைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். எங்கள் தெருவில் இந்த மாதம் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. ரேலியா அணையை நம்பி வளர்ந்த ஊர் இது. நாங்கள் குடத்தோடு நிற்கும்போது எதிரே உள்ள விடுதிக்கு டேங்கர் லாரி வந்து நிற்கிறது. அங்கே துவைத்துக் காயப்போட்ட வெள்ளை விரிப்புகளை எண்ணினேன், நாற்பத்து மூன்று.

பவானி ஜமக்காளம்:
அக்கா, இதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த 43 விரிப்பில் ஒன்றுகூட வேன்காரன் படுத்ததில்லை. நாங்கள் 22 பேரும் கீழேயிருந்து கொண்டுபோன நான்கு கேன் தண்ணீரில் சமைத்து, குடித்து, கை கழுவி இறங்குகிறோம். இரண்டு நாள் அறை எடுப்பவர் வரட்டும் என்கிறார் லவ்டேல்வாசி. அவர் காலையும் மாலையும் வெந்நீரில் குளிக்கும் தண்ணீர் யாருடையது? உங்கள் குடத்துத் தண்ணீர்.
ஊட்டி ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1820களில் ஜான் சல்லிவன் வெட்டியது. அதில் இறங்கும் சாக்கடை எங்கிருந்து வருகிறது? ஊருக்குள்ளிருந்து கோடப்பமந்து கால்வாய் வழியாக வருகிறது. அது எங்கள் சாம்பார் இல்லை. சீகூர் யானை வழித்தடத்தில் விடுதி கட்டியது யார்? 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லி சீல் வைத்தார்கள், 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பே வந்தது. அந்த விடுதிகளின் வாசலைக்கூட நாங்கள் மிதித்ததில்லை. யானையின் பாதையில் சுவர் எழுப்பியது 1,341 வேனா?

லவ்டேல்வாசி:
சீகூரும் கோடப்பமந்தும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். இங்கே பிறந்தவன் நான். ஏரி நாறிய காலத்தில் மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை வலித்தவன். அதிகாரிகள் பிளாஸ்டிக்கை எதிர்த்துத் தமிழ்நாட்டிலேயே முதலில் இறங்கிய மாவட்டம் இது. மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு திருப்பித் தரும் திட்டம் 2022இல் முதலில் வந்ததும் இங்கேதான். ஏன்? யானையின் காலில் கண்ணாடி குத்தியது. காட்டுக்குள் பாட்டிலை உடைத்தவர்கள் அறையில் தங்கியவர்கள் இல்லை, வழியில் நிறுத்திக் குடித்தவர்கள்.
இன்னொன்றையும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு மே மாதம். அம்மாவுக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸில் ஏற்றி உதகைக்குக் கொண்டுபோக, பதினைந்து நிமிடப் பாதையில் ஒரு மணி பத்து நிமிடம் நின்றோம். சைரன் கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் ஒரு வேனின் கூரைமேல் இரண்டு பேர் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா பிழைத்தார், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

பவானி ஜமக்காளம்:
உங்கள் அம்மா பிழைத்தது பெரிய நிம்மதி, ஐயா. அந்த வேன்காரர்கள் செய்தது தவறு, ஓரமாக விலகி நின்றிருக்க வேண்டும். ஆனால் ஒரு மணி பத்து நிமிடம் உங்களை நிறுத்தியது அந்த ஒரு வேனா? அதன் முன்னால் எத்தனை கார் இருந்தது? உங்கள் நினைவில் அண்டா மட்டும் தங்கிவிட்டது. அன்றைக்கும் கணக்கு அதே கணக்குத்தான். 11,509க்கு 1,341.

லவ்டேல்வாசி:
என் அம்மாவின் மூச்சிலும் உங்கள் 1,341ஐக் கொண்டுவந்து செருகுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?

பவானி ஜமக்காளம்:
எங்கள் தெருவையே வேறு ஊர் பார்க்கச் சொன்னபோது உங்களுக்கு வெட்கம் வந்ததா? என் அம்மா 61 வயதில் முதல்முறையாகத் தாவரவியல் பூங்காவைப் பார்த்தார். புல்வெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். "இத்தனை வருடம் கோவிலுக்கு மட்டும்தான் போயிருக்கிறேன்" என்றார். அந்தப் பூங்கா 1848இல் இருந்து இருக்கிறது. அது லாட்ஜ் சாவி வைத்திருப்பவர்களின் சொத்து இல்லை.

கூடலூர் கொழுந்து:
இங்கே பிறந்தவன், இங்கே பிறந்தவன் என்று மார் தட்டுகிறீர்களே லவ்டேல்வாசி, உங்கள் தாத்தா எங்கே பிறந்தார்? என் பாட்டி 1970களில் இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஐம்பது வருடம் ஆகியும் எங்களை "சிலோன்காரர்" என்று சொல்பவர்கள் இங்கே உண்டு. இன்றைக்குப் பவானிக்காரரை வெளியாள் என்கிற அதே வாய்தான் அது.

லவ்டேல்வாசி:
உங்கள் பாட்டியை நான் எங்கே இழுத்தேன்? பேசுவது அடுப்பைப் பற்றி.

ஒத்தக்கல்மந்து:
தோடர், கோத்தர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடிகளைத் தவிர நாம் எல்லாருமே வந்தவர்கள்தான் என்பதை ஒருவராவது ஒப்புக்கொள்ளுங்கள்.

மலைமகன் கேத்தி:
படகரை விட்டுவிட்டீர்கள். வேண்டுமென்றே விட்டீர்களா?

ஒத்தக்கல்மந்து:
வேண்டுமென்று இல்லை. ஆனால் அது வேறு விவாதம், அதற்குள் இப்போது போக விரும்பவில்லை.

மலைமகன் கேத்தி:
எங்கள் பேச்சு வந்தால் மட்டும் அது வேறு விவாதம் ஆகிவிடுகிறது. போன முறையும் இதையேதான் சொன்னீர்கள்.

குன்னூர் தேயிலை:
அடுப்புக்கே வருகிறேன். பவானிக்காரரே, நீங்கள் சாக்கில் கட்டி எடுத்துப் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். கைகால் கழுவ, மற்றதற்கெல்லாம் எங்கே ஒதுங்குகிறீர்கள்? தேயிலைச் செடிக்குள்தானே? காலையில் அதே செடியில்தான் எங்கள் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள்.

பவானி ஜமக்காளம்:
அக்கா, இது சரியான கேள்வி. இத்தனை பேர் வரும் பாதையில், சுத்தமாகவும் திறந்தும் இருக்கும் கழிப்பறை எத்தனை இருக்கிறது? எங்கள் வேனில் வரும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வருகிறார்கள், ஒதுங்க இடம் இருக்காது என்று பயந்து. ஒரு விடுதியில் காசு தருகிறோம், கழிப்பறையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டேன். தங்குபவர்களுக்கு மட்டும் என்று விரட்டினார்கள். அண்டா வைக்க நான்கு இடம், குழாய் நான்கு, கழிப்பறை நான்கு கட்டித் தாருங்கள். தலைக்கு இருபது ரூபாய் கொடுக்கிறோம். அதைச் செய்யாமல் பாஸைப் பிடுங்கு என்பது, வீட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணீர் தராமல் நாக்கு வறண்டவன் என்று ஏசுவது மாதிரி.

லவ்டேல்வாசி:
உங்களை யார் வீட்டுக்கு அழைத்தார்கள்?

மண்டிக்காரன்:
இது வரம்பு மீறிய பேச்சு, லவ்டேல்வாசி.

லவ்டேல்வாசி:
வரம்பு மீறியது யார் என்பது எல்லநள்ளி ஓடையைப் பார்த்தால் தெரியும். 2009 நவம்பரில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒரு மலை எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பது இங்கே வாழ்பவனுக்குத்தான் தெரியும். வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவனுக்கு என்ன தெரியும்?

பவானி ஜமக்காளம்:
மலை சரிந்தது அண்டாவின் பாரத்தாலா? சரிவை வெட்டிக் காட்டேஜ் எழுப்பியதைப் பேசுங்கள். ஏழு மீட்டருக்கு மேல் கட்டிடம் எழுப்பக் கூடாது என்று உங்கள் மாவட்டத்தில் விதி இருக்கிறதே, சேரிங் கிராஸில் நின்று அண்ணாந்து பாருங்கள்.
நீங்கள் இன்னும் என் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. 20,011இல் 1,341. இந்த 1,341ஐ நிறுத்தினால் மீதி 18,670 வண்டியும் அப்படியே ஏறும். உங்கள் சாலையில் என்ன மாறும்?

லவ்டேல்வாசி:
ஓடை சுத்தமாகும்.

சேரிங்கிராஸ் டாக்சி:
6,524 இரு சக்கர வாகனத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மசினகுடி போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. அதில் பைக்கை விடுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

பவானி ஜமக்காளம்:
அதையும் பேசலாம் தம்பி, முதலில் இவர் பதில் சொல்லட்டும். ஓடை சுத்தமாகும் என்கிறார். கோடப்பமந்து கால்வாயும் சுத்தமாகிவிடுமா? 11,509 காரையும் எங்கே நிறுத்துவார்? வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் 22 பேரும் பாஸ் எடுத்துக்கொண்டுதான் வருகிறோம். காலை பத்து மணிக்கு எல்லநள்ளியில் இருப்போம். அவரே வந்து எங்கள் சாக்கைப் பார்க்கட்டும்.

லவ்டேல்வாசி:
வருகிறேன். கேமராவோடு வருகிறேன். ஓடையில் ஒரு சொட்டுக் கஞ்சி விழுந்தாலும் படத்தை இங்கேயே போடுவேன்.

பவானி ஜமக்காளம்:
போடுங்கள். பின்னால் நிற்கும் கார்களும் படத்தில் விழுகிற மாதிரி எடுங்கள்.