வடசேரி கோயில் நகை பழுதுபார்ப்பவர் யாரையாவது தெரியுமா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மா பரதம் ஆடிய காலத்து நகை செட் ஒன்று இருக்கிறது, நாகர்கோவில் வடசேரியில் செய்தது. தை மாதம் மகளுக்கு அரங்கேற்றம், அவளும் இதைத்தான் போட வேண்டும் என்கிறாள். ஆனால் பின்னந்தலையில் வைக்கும் ராக்கொடியில் நாலைந்து சிவப்புக் கெம்புக் கல் விழுந்துவிட்டது, தலையில் வைக்கும் சூரியப்பிரபையில் தங்க ரேக்கு (மெல்லிய தகடு) உரிந்து அடியிலிருக்கும் வெள்ளி தெரிகிறது.

சென்னையில் ஒரு கடையில் காட்டினால், கல்லைப் பசை போட்டு ஒட்டி மொத்தமாக முலாம் பூசிவிடலாம் என்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். வெள்ளிக் கூட்டில் அரக்கு நிரப்பி, கல் பதித்து, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ரேக்கை அழுத்தி அழுத்திக் கையாலேயே செய்த வேலை இது. முலாம் போட்டால் கவரிங் மாதிரி பளபளக்கும், அந்தச் சிவப்பே எடுபடாது.

புவிசார் குறியீடு வாங்கிய தொழில், ஆனாலும் இப்போது செய்கிற குடும்பங்கள் கொஞ்சம்தானாம். புதுசு செய்து விற்பவர்கள் வேண்டாம், பழசைப் பழுதுபார்க்க ஒத்துக்கொள்கிற ஆசாரி யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கூரியரில் அனுப்பப் பயம், நேரிலேயே கொண்டுவருகிறேன். அப்புறம், புதுக் கல் வைத்தால் பழைய கல்லோடு நிறம் ஒத்துப்போகுமா? கூலி தோராயமாக எவ்வளவு கேட்பார்கள்?