உதவி: கணவன் மனைவி பழைய காலத்துக்குப் போகும் கொரியத் தொடர், பெயர் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்

செம்பருத்தி:
அவசரம். கல்யாணமாகி வாழ்க்கை கசந்துபோன கணவன், மனைவி. பழைய காலத்துக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வந்தால் எல்லாம் மாறிக் கிடக்கிறது. கொரியத் தொடர். பெயர் மட்டும் சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

வான்மதி:
எத்தனை வருடம் பின்னால் போகிறார்கள்? இரண்டு பேருமா, ஒருவர் மட்டுமா? குழந்தை உண்டா? எந்தத் தளத்தில் பார்த்தீர்கள்? இந்தக் கதை கொரியாவில் ஒன்றிரண்டு அல்ல.

மல்லிப்பூ:
மேரி மை ஹஸ்பண்ட். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 2024-இல் டிவிஎன் சேனலில் வந்தது, 16 பகுதி. பார்க் மின்-யங் வயிற்றுப் புற்றுநோயில் படுத்திருப்பார். கணவனும் உயிர்த்தோழியும் சேர்ந்து அவரைத் தீர்த்துவிடுவார்கள். கண் விழித்தால் பத்து வருடம் முன்னால் இருப்பார். தனக்கு வந்த விதியை அப்படியே தோழி தலையில் கட்டிவிடத் திட்டம் போடுவார். அந்தக் கணவன் கதாபாத்திரத்தை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நாடகப்புலி:
மல்லிப்பூ, கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அதில் கணவனும் மனைவியும் ஜோடியாகவா போகிறார்கள்? அது பழிவாங்கும் கதை. பத்து வருடமாக இந்தத் தொடர்களைப் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன், இருவரும் போகிறார்கள் என்றாலே கோ பேக் கப்பிள்தான். கேபிஎஸ் 2, 2017, 12 பகுதி. ஜாங் நா-ரா, சோன் ஹோ-ஜுன். 38 வயதில் விவாகரத்து செய்துவிட்டு, அன்று இரவே மோதிரங்களை வீசி எறிகிறார்கள். விழித்தால் 1999, இருவரும் இருபது வயதுக் கல்லூரி மாணவர்கள். கொரியப் பெயரில் 'கோபேக்' என்ற சொல் இருக்கிறது. கொரிய மொழியில் அதற்குக் காதலைச் சொல்வது என்று பொருள், ஆங்கிலத்தில் திரும்பிப் போ என்று கேட்கும். இதுகூடத் தெரியாமல் பார்ப்பதில் என்ன பயன்? இழையை மூடிவிடலாம்.

குறிஞ்சி:
கோ பேக் கப்பிளா என்று எனக்கும் தோன்றியது. கணவன் மெடிக்கல் ரெப்பா, தோழி? மனைவியின் அம்மா நிகழ்காலத்தில் இறந்துபோனவர், 1999-இல் உயிரோடு இருப்பாரே, அந்த மாதிரி காட்சி ஏதாவது பார்த்தீர்களா? இருபது வயதில் அம்மாவை மறுபடி பார்த்ததும் ஜின்-ஜூ ஓடிப் போய்க் கட்டிக்கொள்வாள். எங்கள் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அந்தக் காட்சியோடு நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் மீதியைப் பார்க்க முடிந்தது.

ஏலக்காய்:
குறிஞ்சி அக்கா, அந்தத் தொடரின் பாரமே அங்கேதான் இருக்கிறது. அங்கே இருந்தால் அம்மா உண்டு, பிள்ளை இல்லை. திரும்பினால் பிள்ளை உண்டு, அம்மா இல்லை. எதை விடுவது?

வான்மதி:
செம்பருத்தி எங்கே போனார்? ஒரு காட்சியாவது சொன்னால்தானே.

செம்பருத்தி:
மன்னிக்கவும், ஆஸ்பத்திரி அலைச்சல். நான் முழுதாகப் பார்க்கவில்லை. நரம்பியல் வார்டு வெளியே காத்திருந்தபோது பக்கத்து இருக்கைப் பெண் போனில் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு பக்க இயர்போனை எனக்குக் கொடுத்தார். கணவன் பேங்கில் வேலை பார்க்கிறான். மோதிரம் எதுவும் பார்த்த ஞாபகம் இல்லை. கல்லூரி இல்லை. ஒரு வயதான அம்மா வருவார். அவருக்கு எல்லாம் மறந்துபோகிறது, ஆனால் அவனை மட்டும் அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொள்வார். அதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார், பெயர் கேட்கவில்லை.

வான்மதி:
பேங்கா! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஃபெமிலியர் வைஃப். டிவிஎன், 2018 ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தது, 16 பகுதி. ஜி சங், ஹன் ஜி-மின். 2006 என்று பொறித்த 500 வொன் நாணயம், ஒரு டோல்கேட், அதைத் தாண்டினால் 2006. மனைவி வூ-ஜினைச் சந்திக்காமல் தவிர்த்துவிட்டு, செல்லோ வாசிக்கும் கல்லூரிப் பெண்ணைத் தேடிப் போவான். திரும்பி வந்தால் அவள்தான் மனைவி, பணக்கார மாமனார். வூ-ஜின் அவன் வேலை பார்க்கும் அதே கிளைக்கு மாற்றலாகி வருவாள், அவனை யார் என்றே அவளுக்குத் தெரியாது.

நாடகப்புலி:
அதில் கணவன் மட்டும்தான் போகிறான். அவர் 'இருவரும்' என்று எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அரைகுறையாகப் பார்த்த காட்சிகளைக் கலந்து சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

வான்மதி:
ஐயா, நீங்கள் கடைசி வரை பார்த்தீர்களா? பிற்பகுதியில் வூ-ஜினும்

ஏலக்காய்:
வேண்டாம்! நான் ஒன்பதாம் பகுதியில் இருக்கிறேன், தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வான்மதி:
சரி, நிறுத்திக்கொள்கிறேன். 'இருவரும்' என்பது தப்பில்லை, அவ்வளவுதான்.

மல்லிப்பூ:
சொல்லாமலே சொல்லிவிட்டீர்கள் அக்கா. அது இருக்கட்டும், அந்தத் தொடரை எப்படிப் பாராட்டுகிறீர்கள்? இரண்டு பிள்ளை, வேலை, நோயாளி அம்மா என்று ஒருத்தி தனியாகக் கிடந்து தவிக்கிறாள். அவள் கத்துகிறாள் என்று வேறு பெண்ணைக் கட்டிக்கொள்ளக் காலத்தையே மாற்றுகிறான் ஒருவன். பிள்ளைகள் இல்லாமல் போவார்களே என்று அவன் நினைத்தானா? அப்படிப்பட்டவனுக்கு இன்னொரு வாய்ப்பு எதற்கு?

குறிஞ்சி:
மல்லி, அதைத்தான் தொடரும் கேட்கிறது. மாமியாருக்கு மறதி நோய் என்பதே அவனுக்கு இரண்டாவது வாழ்க்கையில்தான் தெரிய வருகிறது. கூடவே வாழ்ந்த காலத்தில் அவள் சொல்ல வந்ததை அவன் காதில் வாங்கவில்லை. அவள் ஏன் அப்படி எரிந்து விழுந்தாள் என்பது புரிந்து அவன் குறுகிப்போகும் இடம் எனக்குப் பிடித்தது.

மல்லிப்பூ:
புரிவதற்கு அவளை இழக்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எதிர்த்த வீட்டுப் பெண் சொன்னால் புரியும், கட்டியவள் சொன்னால் புரியாதா? நடிப்பைக் குறை சொல்லவில்லை, ஹன் ஜி-மின் முதல் இரண்டு பகுதியில் தலை சீவாமல், தூங்காத கண்ணோடு வருவார், அப்படியே எங்கள் அக்கா.

நாடகப்புலி:
விவாதம் வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள். செம்பருத்தி, அந்த அம்மா அவனை எப்படிக் கூப்பிடுகிறார் என்று ஞாபகம் இருக்கிறதா? அது ஒன்று தெரிந்தால் முடிவு செய்துவிடலாம்.

செம்பருத்தி:
பெயர் சொல்லவில்லை. 'சா சொபாங்' என்ற மாதிரி கேட்டது. மாப்பிள்ளை என்று அர்த்தம் என்று அந்தப் பெண் சொன்னார்.

நாடகப்புலி:
அப்படியானால் ஃபெமிலியர் வைஃப்தான். வான்மதி சொன்னது சரி. அவன் குடும்பப் பெயர் சா. குடும்பப் பெயரோடு 'சொபாங்' சேர்த்தால் மாமியார் வீட்டில் மாப்பிள்ளையைக் கூப்பிடும் முறை. மாறிப்போன வாழ்க்கையில் அவன் அந்தக் குடும்பத்துக்கு யாரோ. மகளுக்கே அவனைத் தெரியாது. அந்த அம்மா மட்டும் பார்த்தவுடனே அப்படிக் கூப்பிடுவார். லீ ஜோங்-உன் நடித்தது, மறு வருடம் பாரசைட் படத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக வந்தவர்.

வான்மதி:
நன்றி ஐயா. சப்டைட்டிலில் அந்த வார்த்தையின் சூடு வராது. தமிழில் 'மாப்பிள்ளே' என்று இழுத்துப் படித்துக்கொள்ளுங்கள் செம்பருத்தி, சரியாக இருக்கும். ஆமாம், ஞாயிற்றுக்கிழமை என்ன?

செம்பருத்தி:
அன்றைக்கு அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். ஏழு மாதமாக என் பெயர் அம்மாவுக்கு வரவில்லை, நர்ஸ் என்று நினைக்கிறார். என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தால் மட்டும் 'வாங்க மாப்பிள்ளே, சாப்பிட்டீங்களா' என்று எழுந்து உட்காருகிறார். அவருக்கு அது சங்கடமாக இருக்கிறது, எனக்கு வலிக்கும் என்று அறைக்குள் போகவே தயங்குகிறார். அந்தக் காட்சியை அவரிடம் காட்ட வேண்டும். அதற்காகத்தான் கேட்டேன்.

குறிஞ்சி:
தோழி, அது எந்தப் பகுதி என்று நான் தேடிப் பார்த்துத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். முதலிலிருந்து பார்த்தால் ஞாயிறுக்குள் முடியாது.

மல்லிப்பூ:
செம்பருத்தி, மேலே நான் கத்தியதைப் பொருட்படுத்தாதீர்கள். அவனைப் பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் நீங்கள் அவசியம் காட்டுங்கள். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா?

(நான்கு நாள் கழித்து)

செம்பருத்தி:
அதே தொடர்தான். குறிஞ்சி அனுப்பிய பகுதியில் இருந்தது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. இப்போது அம்மாவுக்கு ராத்திரி சாப்பாடு அவர்தான் ஊட்டுகிறார். பகலுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை மல்லி. எல்லோருக்கும் நன்றி.